பலூனோடு நிறுத்திவிட்டார்களே, ஸ்டென்ட் வேண்டாமா?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். அக்காவுக்கு 43 வயது. சர்க்கரையோ பிரஷரோ கிடையாது. ஒருநாள் காலையில் நெஞ்சை அடைத்து வியர்த்துக் கொட்ட, ஆஸ்பத்திரிக்குப் போனால் மாரடைப்பு என்கிறார்கள். ஆஞ்சியோ பார்த்துவிட்டு, இதயக் குழாய் தானாகவே கிழிந்திருக்கிறது என்று சொல்லி, பிளேடு வைத்த ஒரு பலூனை உள்ளே விட்டு எடுத்துவிட்டு, குழாயைத் திறந்தபடி தாங்கிப் பிடிக்கும் கம்பிவலையான ஸ்டென்ட் எதுவும் வைக்காமல் ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் 'மிச்ச அடைப்பு 50 சதவீதம்' என்று இருக்கிறது. அதைப் பார்த்த இன்னொரு டாக்டர், 'பாதி வேலையில் விட்டிருக்கிறார்களே' என்று சொல்லப்போக, அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. பலூன் சிகிச்சை என்றால் என்ன, அது தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது, அக்காவை அரைகுறையாக அனுப்பிவிட்டார்களா, இப்போதே வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமா என்பதைத்தான். கடைசியில், அக்கா கேட்கச் சொன்னதாக ஒரு வரி: தண்ணீர்க் குடம் தூக்கலாமா? அதற்கும் வருகிறேன்.

நான் இருபது வருடங்களுக்கு மேல் கேத் லேபில், அதாவது ஆஞ்சியோவும் பலூன் சிகிச்சையும் செய்யும் அறையில், வேலை செய்கிற இதய டாக்டர். வயர், பலூன், ஸ்டென்ட் இவைதான் என் தொழில். உங்கள் அக்காவின் ஆஞ்சியோ படத்தை நான் பார்க்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பது சரியாக இருந்தால், நோய் உண்மையிலேயே அந்தக் கிழிசல்தான் என்றால், பலூனோடு நிறுத்தியது அரைகுறை வேலை கிடையாது. அங்கே நிறுத்தத் தெரிந்திருக்கிறது என்றுதான் சொல்வேன். ஏன் என்று சொல்ல, குழாய்க்குள் என்ன நடந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இதயக் குழாயின் சுவர் மூன்று அடுக்கு. உள்ளே ரத்தம் ஓடும் பக்கம் வழவழப்பான மெல்லிய உறை, நடுவில் தசை, வெளியே நார். வழக்கமான மாரடைப்பில் பல வருடங்களாகச் சுவரில் சேர்ந்த கொழுப்புப் படிவம் வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. உங்கள் அக்காவுக்கு வந்ததில் கொழுப்புக்குப் பங்கே இல்லை. சுவரின் அடுக்குகளுக்கு நடுவே ரத்தம் புகுந்து தேங்குகிறது. தேங்கிய ரத்தம் உள் உறையை உள்நோக்கித் தள்ள, ரத்தம் ஓடும் பாதை நசுங்குகிறது. பழைய வீட்டுச் சுவரில் ஓதம் ஏறிப் பூச்சு உப்பிக்கொண்டு நிற்குமே, அதுபோல. டாக்டர்கள் இதை ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஸ்காட் என்பார்கள். 1931-இல் பிரிட்டனில் 42 வயதுப் பெண் ஒருவரின் பிரேதப் பரிசோதனையில் கண்டதைத்தான் முதல் பதிவாகச் சொல்வது வழக்கம். அதற்குப் பிறகு எண்பது வருடம் இதை 'அபூர்வம்' என்று ஒதுக்கியே வைத்திருந்தோம். அபூர்வமில்லை, கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். மொத்த மாரடைப்புகளில் இது 1 முதல் 4 சதவீதம். ஆனால் 50 வயதுக்குட்பட்ட பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் சில ஆய்வுகளில் மூன்றில் ஒரு பங்குவரை வருகிறது. பாதிக்கப்படுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். கர்ப்ப காலத்திலும் பிரசவத்தை ஒட்டியும் வருகிற மாரடைப்புக்கு முதல் காரணம் இதுதான். 'சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை, அப்புறம் எப்படி?' என்று நீங்கள் கேட்டதற்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது. இது வேறு நோய்.

கிழிசல் என்ற சொல்லே கொஞ்சம் ஏமாற்றும். உள் உறையில் கிழிந்து அதன் வழியாக ரத்தம் சுவருக்குள் நுழைகிறது என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தோம். குழாய்க்குள்ளேயே ஒளியைச் செலுத்திச் சுவரைப் படமெடுக்கும் ஓசிடி கருவி வந்த பிறகு பார்த்தால், பல பேருக்கு உள் உறையில் கிழிசலே தென்படவில்லை. சுவருக்கே ரத்தம் கொடுக்கிற நுண்ணிய குழாய்களில் ஒன்று கசிந்து, ரத்தம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே அழுத்தம் கூடிக்கொண்டு போகிறது என்றுதான் இப்போது நினைக்கிறோம். உள் உறை கிழிவது, அது நடந்தால், பின்னால் நடப்பது. இங்கிலாந்தின் லெஸ்டர் குழு 2019-இல் வெளியிட்ட ஓசிடி படங்களில் இன்னொன்றும் தெரிந்தது: உள் உறை கிழிந்திருந்த குழாய்களைவிட, கிழியாத குழாய்களில்தான் பாதை அதிகமாக நசுங்கியிருந்தது. அதாவது அந்தச் சின்னக் கிழிசல் ஒரு வடிகால். அது இல்லாவிட்டால்தான் ஆபத்து அதிகம். பிளேடு பலூனின் யோசனை முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது.

அதைச் சொல்வதற்கு முன் பலூனைப் பற்றி ஒரு பழைய கதை. இதயக் குழாயில் முதல் பலூன் சிகிச்சையை ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்ஸிக் சூரிச்சில் 1977 செப்டம்பர் 16 அன்று செய்தார். ஆரம்ப கால பலூன்களை அவர் தன் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்துத்தான் செய்துபார்த்தார். அந்த பலூன் கொழுப்பு அடைப்பை எப்படித் திறக்கிறது தெரியுமா? கொழுப்புப் படிவத்தையும் சுவரின் உள்ளடுக்கையும் கிழித்துத்தான். சும்மா அமுக்கி ஒதுக்குகிறது என்று நோயாளிகளுக்குச் சொல்வோம். உண்மையில் நாங்கள் ஒரு கிழிசலை உண்டாக்குகிறோம். அந்தக் கிழிசல் மடிந்து குழாயை மூடிவிடாமல் இருக்கத்தான் 1986-இல் ஸ்டென்ட் வந்தது. இப்போது யோசித்துப் பாருங்கள். சுவரைக் கிழிப்பதே தொழிலாகக் கொண்ட ஒரு கருவியை, சுவர் ஏற்கெனவே பிரிந்து கிடக்கும் குழாய்க்குள் கொண்டுபோகிறோம். அதனால்தான் இந்த நோயில் எங்கள் கை நடுங்குகிறது, நடுங்கவும் வேண்டும்.

ஸ்டென்ட் ஏன் சுலபமான விடை கிடையாது என்பதற்கு என்னுடைய ஒரு தப்பையே சொல்கிறேன். பத்து வருடத்துக்கு முன் இருக்கும். குழந்தை பிறந்து மூன்று வாரமான ஒரு பெண். இதயத்தின் முன்பக்கம் இறங்கும் பெரிய குழாயின் நடுப்பகுதி நூல்போல மெலிந்திருந்தது. ஸ்காட் என்று எனக்குத் தெரியும். ஆனால் பழக்கம் விடவில்லை. மெலிந்த இடத்தில் ஒரு ஸ்டென்ட் வைத்து விரித்தேன். அந்த இடம் அழகாகத் திறந்தது. அடுத்த படத்தில் ஸ்டென்டுக்கு மேலேயும் கீழேயும் நன்றாக இருந்த குழாய் மெலிந்துவிட்டது. மருதாணிக் கோனை நடுவில் அமுக்கினால் உள்ளே இருப்பது எங்கே போகும்? அதேதான். சுவருக்குள் தேங்கியிருந்த ரத்தம் இரண்டு பக்கமும் நகர்ந்திருந்தது. மேல்பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் இடப்பக்க மூலக் குழாய். அது மூடினால் மேசையிலேயே உயிர் போகும். ஒரு ஸ்டென்ட் வைக்கப்போனவன் மூன்று ஸ்டென்ட் வைத்துவிட்டு வெளியே வந்தேன். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார், நன்றாகவும் இருக்கிறார். ஆனால் ஒரு வருடம் கழித்து உள்ளே பார்த்தபோது, சுவர் ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டு பழைய அகலத்துக்கு வந்துவிட்டது. நான் வைத்த ஸ்டென்டின் ஒரு பகுதி சுவரைத் தொடாமல், பெரிய சட்டைக்குள் சின்ன உடம்புபோல, நடுவில் நின்றது. அப்படி நிற்கிற உலோகத்தில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. நான் ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் அந்தக் குழாய் தானாகவே சரியாகியிருக்குமோ என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது.

இது என் ஒருவன் அனுபவம் மட்டும் இல்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2014-இல் 189 நோயாளிகளை வைத்து வெளியிட்ட ஆய்வில், பலூன், ஸ்டென்ட் என்று உள்ளே போய்ச் செய்த சிகிச்சை ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தோற்றது. ரத்த ஓட்டம் நன்றாக இருந்தவர்களுக்குச் செய்தபோதும் அப்படித்தான். ஐரோப்பாவில் அப்படிச் சிகிச்சை பெற்ற 215 பேரை 2021-இல் தொகுத்துப் பார்த்தார்கள். ஓட்டம் தடைபட்டிருந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டம் திரும்பியது. அது நல்ல செய்தி. ஆனால் ஐந்தில் இரண்டு பேருக்கு ஏதாவதொரு சிக்கல், 13 சதவீதம் பேருக்குப் பெரிய சிக்கல். கொழுப்பு அடைப்பில் இப்படி ஒரு கணக்கு வந்தால் அந்த கேத் லேபை மூடச் சொல்வார்கள். இன்னொரு பக்கம், கனடாவில் 750 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்ததில், பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் உள்ளே எதுவும் செய்யாமல் மருந்து, கண்காணிப்பு என்று மட்டும் வைத்திருந்தார்கள். அந்த நாட்டுக் குழுவே, ஒன்றும் செய்யாமல் விட்டவர்களில் 30 நாளுக்குப் பிறகு ஏதோ காரணத்துக்காக மறுபடி ஆஞ்சியோ எடுத்த குழாய்களைப் பார்த்தபோது, 95 சதவீதம் தானாக ஆறியிருந்தன. அதனால்தான் 2018-இல் அமெரிக்க, ஐரோப்பிய இதய அமைப்புகள் இரண்டும் ஒரே விஷயத்தைச் சொல்லின: வலி நின்று, ஓட்டம் இருந்து, நோயாளி நிலையாக இருந்தால் கை வைக்காதீர்கள்.

சரி, அப்படியானால் உங்கள் அக்காவுக்கு ஏன் கை வைத்தார்கள்? சிலருக்குக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. வலி நிற்காமல் ஈசிஜி மோசமாகிக்கொண்டே போகிறது, பெரிய குழாயில் ஓட்டமே இல்லை, பிரஷர் இறங்குகிறது, இதயத் துடிப்பு தாறுமாறாகிறது, அல்லது நோய் இடப்பக்க மூலக் குழாய்வரை ஏறியிருக்கிறது என்றால் உள்ளே போயே ஆகவேண்டும். நீங்கள் எழுதியதில் ஒரு வரி முக்கியம்: ஆஞ்சியோ மேசையிலும் அக்கா வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார் என்கிறீர்கள். ஓட்டம் நின்றிருந்தது என்று டாக்டர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் போனது சரி. போனபின் எவ்வளவு குறைவாகச் செய்துவிட்டு வெளியே வருகிறோம் என்பதில்தான் கைவித்தை இருக்கிறது. சில சமயம் வயர் மட்டும் போனாலே பாதை பிரிந்து ஓட்டம் வந்துவிடும், அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். வராவிட்டால் சின்ன பலூனை லேசாக ஊதிப் பார்க்கலாம். அதற்கும் அடுத்த படிதான் பிளேடு பலூன். நாங்கள் கட்டிங் பலூன் என்போம். கொழுப்பு அடைப்புக்காகச் செய்யப்பட்ட கருவிதான் அது. பலூனின் மேல் நீளவாக்கில் மூன்றோ நான்கோ நுண்ணிய பிளேடுகள் ஒட்டியிருக்கும். சுருங்கியிருக்கும்போது அவை பலூனின் மடிப்புக்குள் மறைந்திருக்கும். ஊதும்போதுதான் வெளியே நிமிரும்.

இங்கே அந்தப் பிளேடுக்கு வேலை ஒன்றே ஒன்று. சுத்தியல் விரலில் பட்டு நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டினால் விண்விண் என்று தெறிக்கும். டாக்டர் நகத்தில் ஒரு சின்ன ஓட்டை போட்டதும் ரத்தம் கசிந்து வலி அப்படியே இறங்கும். நகம் சரியாகவில்லை, ரத்தக்கட்டும் முழுக்கப் போகவில்லை; அழுத்தம் மட்டும் போயிற்று. கட்டிங் பலூன் செய்வதும் அதுதான். உள் உறையில் சில கீறல்கள் போட்டு, சுவருக்குள் சிறைப்பட்ட ரத்தம் குழாயின் பாதைக்கே திரும்பி வர வழி செய்கிறது. சற்று முன்பு சொன்னேனே, இயற்கையாக விழும் கிழிசல் ஒரு வடிகால் என்று. அது விழாதவருக்கு நாங்கள் போட்டுக்கொடுக்கிறோம்.

கிட்டத்தில் போய்ப் பார்த்தால் இப்படி இருக்கும். இரண்டு வருடம் முன்பு எனக்கு வந்த 46 வயதுப் பெண். உள்ளே போகும் குழலின் நுனியைக்கூடக் குழாய்வாயில் ஆழமாக வைக்கக் கூடாது. இந்த நோயில் சுவர் ஈரமான காகிதம் மாதிரி, குழல் நுனியே புதிதாக ஒரு கிழிசலைப் போட்டுவிடும். படத்தில் குழாய் தெரிவதற்காகச் செலுத்தும் மருந்தான டையை வேகமாக அடிக்கக் கூடாது. வயர் நிஜப் பாதையில்தான் போகிறதா, சுவருக்குள் போகிறதா என்பதை விரல் நுனியில் உணர வேண்டும். கிளைகளுக்குள் தடையில்லாமல் நுழைந்தால் பெரும்பாலும் நிஜப் பாதை. குழாய் அந்த இடத்தில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர். நான் எடுத்தது 2 மில்லிமீட்டர் பலூன். குழாயைவிட அரை மில்லிமீட்டர் சிறிதாக எடுப்பதுதான் பாதுகாப்பு, ஏனென்றால் இது அகலப்படுத்தும் வேலை இல்லை. கொழுப்பு அடைப்பில் 12, 14 அட்மாஸ்பியர் என்று ஊதுவோம். இங்கே 4-க்கு மேல் மெதுவாக ஏற்றி 6-இல் நிறுத்தினேன். கார் டயரில் இருப்பது ஏறக்குறைய 2 என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கு ஒரு அளவு கிடைக்கும். சில விநாடி, இறக்கினேன். கொஞ்சம் நகர்த்தி மறுபடி. மூன்றாவது தடவை பலூனை இறக்கிவிட்டு டை கொடுத்தபோது, நூலாக இருந்த குழாய் திரையில் நுனிவரை நிறைந்தது. அகலமாக இல்லை, ஓரங்கள் ஒழுங்காகவும் இல்லை. அங்கங்கே சுவருக்குள் டை கொஞ்சம் தங்கி நின்றது. பக்கத்தில் நின்ற ஜூனியர், 'சார், ஒரு ஸ்டென்ட் வைத்தால் படம் சுத்தமாக இருக்குமே' என்றார். அந்த அம்மாவைப் பார்த்து வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். 'பாரம் இறக்கி வச்ச மாதிரி இருக்கு' என்றார். ஈசிஜியில் எழும்பியிருந்த கோடு இறங்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் சும்மா நின்றேன். அந்தப் பத்து நிமிடம்தான் இந்தச் சிகிச்சையில் கஷ்டமான பகுதி. மறுபடி படம் எடுத்து, ஓட்டம் குறையவில்லை என்று பார்த்துவிட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். என் ரிப்போர்ட்டிலும் 'மிச்ச அடைப்பு 50 சதவீதம்' என்றுதான் எழுதினேன்.

இப்போது உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் 50 என்ற எண்ணுக்கு வருவோம். கொழுப்பு அடைப்பில் பலூன் போட்டபின் 50 சதவீதம் மிச்சம் இருந்தால் வேலை தோல்வி. அந்தக் கொழுப்பு எங்கேயும் போகப்போவதில்லை. இரண்டாவது டாக்டர் அந்தக் கணக்கில் பார்த்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பயிற்சியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அந்த நோய்தான். ஆனால் ஸ்காட்டில் அந்த 50 சதவீதம் சுவருக்குள் மிச்சமிருக்கும் ரத்தம். உடம்பில் எங்கேயாவது அடிபட்டுக் கன்றிப்போனால் நாளாக நாளாக நீலம் மறைகிறதே, அப்படி அதையும் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். எங்களுக்கு வேண்டியது அதுவரைக்கும் ரத்தம் ஓடுவதுதான்.

இவ்வளவு சொன்னபின், தராசின் இன்னொரு தட்டையும் காட்ட வேண்டும். ஸ்காட்டைத் தொடாமல் விடுவது நல்லது என்பதற்கு ஆயிரக்கணக்கான நோயாளிகளின் அனுபவம் இருக்கிறது. கட்டிங் பலூனுக்கு அப்படி இல்லை. ஓரொரு நோயாளியைப் பற்றிய அறிக்கைகளும் சிறு தொகுப்புகளும்தான் அதற்கு ஆதாரம். நன்றாக முடிந்ததைத்தான் டாக்டர்கள் எழுதி அனுப்புவார்கள். சுவர் ஓட்டையாகிப் போனதை யாரும் ஆசையாக எழுத மாட்டார்கள். பிளேடு பலூனால் சுவர் துளைபட்டு இதயத்தைச் சுற்றி ரத்தம் சேரும் ஆபத்து உண்மையானது. பல மணி நேரம் ஆகித் தேங்கிய ரத்தம் உறைந்திருந்தால் கீறல் போட்டாலும் அது வடியாது. அந்த அனுபவமும் எனக்கு உண்டு. உள் உறை ஏற்கெனவே பெரிதாகக் கிழிந்து தொங்குகிற வகையில் இந்த பலூனுக்கு வேலையே இல்லை. அழுத்தம் அங்கே ஏற்கெனவே வடிந்திருக்கும், தொங்குகிற திரைதான் பிரச்சினை. அங்கே ஸ்டென்டை ஒதுக்க முடியாது. மூலக் குழாய் சம்பந்தப்பட்டிருந்தாலும் அப்படித்தான், சில சமயம் பைபாஸ்கூட வேண்டியிருக்கும். ஆனால் பைபாஸிலும் ஒரு வேடிக்கை உண்டு: பழைய குழாய் ஆறிவிட்டால் அதிலேயே ரத்தம் ஓடத் தொடங்கி, புதிதாகத் தைத்த குழாய் வேலையில்லாமல் மூடிக்கொள்கிறது.

மருந்து தடவிய பலூன் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஸ்டென்ட் இல்லாமல் மருந்தை மட்டும் சுவரில் பூசிவிட்டு வரும் பலூன் அது. பாக்லிடாக்சல் அல்லது சிரோலிமஸ் என்ற மருந்து இருக்கும். கொழுப்பு அடைப்பிலும், பழைய ஸ்டென்டுக்குள் மறுபடி அடைப்பதிலும் அது நல்ல கருவி. நானும் நிறையப் பயன்படுத்துகிறேன். ஸ்காட்டில் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. அந்த மருந்தின் வேலை, சுவரில் செல்கள் பெருகி மறுபடி அடைப்பதைத் தடுப்பது. ஸ்காட்டில் நாம் பயப்படுவது அதை இல்லை. சுவர் சீக்கிரம் ஆற வேண்டும் என்றுதான் காத்திருக்கிறோம். ஆறுவதை நிதானப்படுத்துகிற மருந்தை அங்கே ஏன் பூச வேண்டும்? செய்து நன்றாக வந்ததாகச் சிலர் எழுதியிருக்கிறார்கள். மருந்தால் நன்றாக வந்ததா, வெறும் பலூனே போதுமாக இருந்ததா என்பதை அந்த அறிக்கைகளை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. இது என் கருத்து. இதோடு ஒத்துப்போகாத நல்ல டாக்டர்களும் இருக்கிறார்கள்.

உங்கள் விஷயத்தில் நான் முதலில் சரிபார்க்கச் சொல்வது நோயின் பெயரை. ஸ்காட்டில் ஒரு வகை, ஆஞ்சியோவில் அசல் கொழுப்பு அடைப்பு மாதிரியே தெரியும். குழாய் இறுக்கிப் பிடித்துக்கொள்வதும் சில சமயம் நீளமாக மெலிந்தாற்போல் தெரியும். நைட்ரோகிளிசரின் கொடுத்தால் அது விரிந்துவிடும். அதனால் ஆஞ்சியோ படங்கள் பதிந்த சிடியை (CD) வாங்கி வையுங்கள். ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஐந்து டாக்டரிடம் போனால் ஐந்து கருத்துதான் கிடைக்கும். சிடியைப் பார்க்கும் டாக்டரிடம் ஸ்டென்ட் வேண்டுமா என்று கேட்காதீர்கள். 'இது ஸ்காட்தான் என்று உங்களுக்கும் படுகிறதா?' என்று கேளுங்கள். ஆமாம் என்றால், வலியில்லாத ஒரு பெண்ணைத் திரும்ப மேசையில் படுக்கவைத்து அந்த 50 சதவீதத்தைச் சரிசெய்ய வேண்டிய அவசியம் இல்லை. இல்லை என்றால் நான் மேலே எழுதியதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. சும்மா பார்த்துக்கொள்வதற்காக இன்னொரு ஆஞ்சியோவும் வேண்டாம். ஆறிக்கொண்டிருக்கும் குழாயில் குழல் நுனி படுவதே ஆபத்து என்று சொன்னேன் அல்லவா.

ஒன்றில் மட்டும் அலட்சியம் கூடாது. கை வைக்காமல் விட்டவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு முதல் ஒரு வாரத்துக்குள் கிழிசல் நீண்டு நிலைமை மோசமாகலாம். அதனால்தான் ஐந்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அந்த வாரம் தாண்டிவிட்டது என்கிறீர்கள், நல்லது. ஆனாலும் அதே மாதிரி வலி வந்தால் வாயு, அஜீரணம் என்று இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது. நேராக கேத் லேப் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போனதும் 'ஏற்கெனவே இதயக் குழாய் கிழிந்தவர்' என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மாரடைப்பு என்று பார்த்தவுடன் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவது பல இடங்களில் வழக்கம். வழக்கமான மாரடைப்பில் அது உயிர் காக்கும். இதில் சுவருக்குள் கசிவைக் கூட்டிவிடலாம்.

மருந்துகளில் ஆஸ்பிரின் தொடர்வது பரவலான வழக்கம். கூடவே கொடுக்கும் க்ளோபிடோக்ரல் எத்தனை நாள் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ஸ்டென்ட் வைத்தவருக்கு அது கட்டாயம். வைக்காதவருக்கு இரண்டு மருந்தைவிட ஒரே மருந்து நல்லது என்று ஐரோப்பியப் பதிவேடு ஒன்று காட்டுகிறது, ஆனால் அது நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட பரிசோதனை இல்லை. பலூன் மட்டும் போட்ட உங்கள் அக்கா இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார். அவருடைய டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை மறுபடி கிழிவதைக் குறைக்கிறது என்று கனடாவில் 327 பேரைத் தொடர்ந்த ஆய்வு சொல்லியது. அதே ஆய்வில் சுமார் மூன்று வருடத்தில் பத்தில் ஒருவருக்கு மறுபடி வந்திருந்தது. பிரஷர் இருந்தவர்களுக்கு அதிகம். கொழுப்பு மாத்திரை இந்த நோய்க்காக என்று தேவையில்லை. இன்னொன்றும் கேளுங்கள்: கழுத்து, வயிறு, சிறுநீரகக் குழாய்களை ஸ்கேன் செய்து பார்த்தார்களா? இந்த நோய் வந்தவர்களில் நிறையப் பேருக்கு வேறு இடத்து ரத்தக்குழாய்களும் மணி கோத்தாற்போல் முடிச்சு முடிச்சாக இருக்கும். எஃப்எம்டி என்று அதற்குப் பெயர். ஒரு தடவை தலையிலிருந்து இடுப்புவரை பார்த்துவிடுவது நல்லது. அக்காவுக்கு ஒற்றைத் தலைவலி உண்டென்றால் அதற்கு டிரிப்டான் வகை மாத்திரை வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

இனி குடம். நடக்கலாம், நடக்க வேண்டும். இதயத்துக்கான உடற்பயிற்சித் திட்டம் அந்த ஆஸ்பத்திரியில் இருந்தால் சேர்த்துவிடுங்கள், இந்த நோயாளிகளுக்கு அது பாதுகாப்பானது. சமையல், மாடிப்படி எல்லாம் படிப்படியாகச் செய்யலாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கித் தூக்குகிற எந்த வேலையும் இப்போதைக்கு வேண்டாம். அந்த நொடியில் பிரஷர் குபீரென்று ஏறும். பெண்களுக்குச் சுமார் 10 முதல் 14 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அனுமானம்தான், யாரும் தராசு வைத்து நிரூபித்ததில்லை. நிறைகுடம் ஒன்று 15 லிட்டர் பிடிக்கும் என்றால் அதுவே 15 கிலோ. முதல் சில வாரம் நீங்களே தூக்குங்கள். அதற்குப் பிறகும் அக்கா கேட்க மாட்டேன் என்றால், அரைக் குடமாக இரண்டு நடை போகச் சொல்லுங்கள்.